கொத்து அரிசியிலிருந்து அஸ்வெசும வரை

பதிவு கொஞ்சம் நீளம். நேரமுள்ளவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

அஸ்வெசும பெயர்ப்பட்டியல் வெளிவரும் ஒவ்வொரு முறையும் நமது ஊர்களில் ஒரே வாக்குவாதம்தான். "மாடி வீட்டுக்காரனுக்குக் கிடைச்சிருக்கு, கைம்பெண்ணுக்குக் கிடைக்கல்ல" என்பது ஒரு பக்கம். "சும்மா குடுத்துக் குடுத்துத்தான் நாடு வங்குரோத்தாப் போச்சு, சனம் சோம்பேறியாப் போச்சு" என்பது மறுபக்கம். இரண்டையும் நாம் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசுகிறோம். இந்த நாட்டில் இதே பேச்சுக்கு 80 வருட வயதாகிறது. இந்தப் பேச்சால் அரசாங்கங்கள் விழுந்திருக்கின்றன, உயிர்களும் போயிருக்கின்றன. வரலாற்றுப் பாடத்தில் "1953 ஹர்த்தால்" என்று ஒரு வரியில் கடந்துபோவதால் பிள்ளைகளுக்கும் அது தெரியாது, நமக்கும் மறந்துவிட்டது.

ஆரம்பம் 1942. அப்போது இலங்கையர் உண்ட அரிசியில் பாதிக்கும் மேல் வெளியிலிருந்து வந்தது. அதில் பெரும்பகுதி பர்மா அரிசி. அவ்வருடம் மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பிலும் 9 ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அரிசிக் கப்பல் வராத நிலையில் பங்கீடு தொடங்கியது. ஆளுக்கொரு கூப்பன் புத்தகம், வாரத்துக்கு இத்தனை கொத்து என்று கணக்கு. ஊருக்கு ஊர் சங்கக் கடைகள் பெருகியதும் இந்தக் காலத்தில்தான்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. கூப்பன் ஏழைக்கு மட்டும் வழங்கப்பட்டதல்ல. முதலாளிக்கும் கூப்பன், கூலியாளுக்கும் கூப்பன், தோட்டத் தொழிலாளிக்கும் கூப்பன். வரிசையில் நிற்பதில் யாருக்கும் வெட்கமிருக்கவில்லை. யுத்தம் முடிந்த பின்னரும் எந்த அரசாங்கத்தாலும் அதை நிறுத்த முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றைய காரணம் வாக்குரிமை. 1931 இலேயே 21 வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு வந்துவிட்டது. 1934-35 மலேரியாவில் 80,000 பேரளவில் மடிந்ததைப் பார்த்த சனங்கள், மருந்தும் உணவும் தருபவர் யார், தராதவர் யார் என்று பார்த்து வாக்களிக்கப் பழகியிருந்தார்கள். 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. அரிசி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மூன்றும் ஒன்றாகவே வளர்ந்தன.

பிறகு 1953. கொரிய யுத்தத்தால் ஏறியிருந்த றப்பர் விலை சரிந்துவிட்டது. உலகச் சந்தையில் அரிசி விலையோ ஏறியிருந்தது. அரிசி மானியத்துக்குப் போகும் பணம் வரவு செலவுத் திட்டத்தைத் தின்றது. நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன 1953 ஜூலையில் ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ரயில் கட்டணம், தபால் கட்டணம் எல்லாம் ஏறின. ஒரு வருடத்துக்கு முந்திய தேர்தலில்தான் 25 சத அரிசியைக் காப்பாற்றுவதாகப் பிரதமர் டட்லி சேனாநாயக்க வாக்குறுதி தந்திருந்தார். சனங்களை அதிகமாகக் கொதிக்க வைத்தது அந்த வாக்குறுதி முறிந்ததுதான்.

ஓகஸ்ட் 12 ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஹர்த்தால். இன்று நமது பகுதியில் ஹர்த்தால் என்றால் கடையடைப்பு. அன்று நடந்தது அதைவிடப் பெரிது. மேற்கு, தெற்குக் கரையோரங்களில் தண்டவாளங்கள் கழற்றப்பட்டன, வீதிகளில் மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன, பஸ்கள் ஓடவில்லை. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாந்து என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. அவசரகாலச் சட்டம், ஊரடங்கு, துப்பாக்கிச் சூடு. பத்துப் பேரளவில் இறந்தார்கள். ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். அரிசி விலையும் இறங்கி வந்தது.

அதன் பிறகு அரிசியைத் தொட அரசியல்வாதிகள் பயந்தார்கள். 1962 இல் பங்கீட்டில் அரைக் கொத்தைக் குறைக்க நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க முயன்றார். சொந்தக் கட்சி உறுப்பினர்களே எதிர்த்ததில் அவர் பதவி விலக வேண்டியதாயிற்று. 1966 இறுதியில் மீண்டும் பிரதமராக இருந்த டட்லி, இரண்டு கொத்தை ஒன்றாகக் குறைத்து அந்த ஒன்றை இலவசமாக்கினார். 1970 தேர்தலில் சிறிமாவோ அம்மையாரின் ஐக்கிய முன்னணி இரண்டாவது கொத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னது. "சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டு வருவோம்" என்ற பேச்சை மூத்தவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். 151 ஆசனங்களில் 116 அந்த முன்னணிக்குக் கிடைத்தது.

ஆனால் சந்திரனிலிருந்து அரிசி வரவில்லை. 1973 இல் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஒன்றாக ஏறின. வாக்குறுதி தந்த அரசாங்கமே பங்கீட்டைக் குறைத்தது. பாணுக்கு விடியுமுன்னே வரிசை. வாரத்தின் சில நாட்களில் உணவுக் கடைகளில் சோறு விற்கத் தடை. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோனால் சோதனைச் சாவடியில் பறிமுதல். மரவள்ளிக்கிழங்கு பல வீடுகளைக் காப்பாற்றியது. மலையகத் தோட்டங்களில் பசியால் உயிர்கள் போயின. "கொடுப்பதாகச் சொல்லிவிட்டால் போதும், பணம் எங்கிருந்தாவது வரும்" என்று நினைப்பவர்கள் இந்த வருடங்களை மறக்கக்கூடாது. மானியத்தை எதிர்த்தவர்கள் எல்லோரும் ஏழையின் எதிரிகளாக இருக்கவில்லை. சிலர் கணக்குப் பார்த்துத்தான் பேசினார்கள்.

அடுத்த திருப்பம் 1977. 168 ஆசனங்களில் 140 ஐப் பெற்று வந்தவர் அதே ஜே.ஆர். ஜயவர்தன. 25 வருடங்களுக்கு முன் தான் செய்ய முடியாமல் போனதை இம்முறை செய்து முடித்தார். எப்படி என்பதுதான் பாடம்.

அவர் இம்முறை எல்லோருக்கும் விலையை ஏற்றவில்லை. 1978 ஜனவரியில் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் பங்கீடு என்று கோடு கீறினார். நாட்டில் பாதிப்பேர் உள்ளே, பாதிப்பேர் வெளியே. 1979 செப்டெம்பரில் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் இத்தனை கொத்து என்று இருக்கவில்லை, இத்தனை ரூபா என்று இருந்தது. 1980 இல் மட்டும் விலைவாசி 26 வீதமளவில் ஏறியது. முத்திரையின் ரூபா ஏறவில்லை. சில வருடங்களில் அதன் பெறுமதி பாதியளவுக்கு வந்துவிட்டது. யாரும் எதையும் வெட்டாமலே அது தானாகத் தேய்ந்தது.

ஏன் இம்முறை ஹர்த்தால் இல்லை? பாராளுமன்றத்தில் ஆறில் ஐந்து பலம், 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் பல்லாயிரம் ஊழியர்கள் வேலை இழந்ததால் வந்த பயம், திறந்த பொருளாதாரமும் மத்திய கிழக்கு வேலைவாய்ப்பும் தந்த நம்பிக்கை எல்லாம் உண்டு. ஆனால் இன்னொன்றும் உண்டு. 1953 இல் விலை எல்லோருடைய சோற்றுப் பானையையும் தொட்டது. 1979 இல் ஆசிரியர், எழுதுவினைஞர், கடைக்காரர் என்று குரல் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஏற்கனவே பட்டியலுக்கு வெளியே போயிருந்தார்கள். முத்திரை தேய்ந்தபோது அது அவர்களுடைய பிரச்சினையாக இருக்கவில்லை. ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றைக் காப்பாற்ற ஏழையைத் தவிர வேறு யாரும் வருவதில்லை.

கோடு கீறியதால் வேறொரு அநியாயமும் நடந்தது. வயல், வியாபாரம், மீன்பிடி என்று இருப்பவர் தன் வருமானத்தைத் தானே சொல்லலாம். தோட்டத் தொழிலாளியின் கூலி துரையின் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. கணவன், மனைவி, வேலைக்குப் போகும் பிள்ளை எல்லோருடைய கூலியையும் கூட்டினால் கோட்டைத் தாண்டிவிடும். லயத்தில் ஒரே அறையில் வாழ்ந்த குடும்பங்கள் வெளியே நின்றன, கணக்குக் காட்டத் தேவையில்லாதவர்கள் உள்ளே போனார்கள். இன்று "மாடி வீட்டுக்காரனுக்குக் கிடைச்சிருக்கு" என்ற கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்தவை நமக்கு நினைவிலுள்ளவை. 1989 இல் பிரேமதாசவின் ஜனசவிய. மாதம் 2,500 ரூபா, 24 மாதங்கள். அதில் 1,458 ரூபா செலவுக்கு, 1,042 ரூபா சேமிப்புக்கு. இரண்டு வருடத்தில் 25,000 ரூபா கையில் சேர்ந்து குடும்பம் தன் காலில் நிற்கும் என்பது எண்ணம். 1995 இல் சந்திரிகாவின் சமுர்த்தி. யுத்தம் நடந்த வடக்கு கிழக்கின் பல பகுதிகளுக்கு அது தாமதித்தே வந்தது. ஆட்சி மாறினால் பெயர் மாறும், உத்தியோகத்தர் மாறுவார், பட்டியலும் மாறும். கட்சிக்காரனுக்கு முத்திரை, கட்சி மாறியவனுக்கு வெட்டு என்ற பேச்சு எல்லா ஊரிலும் இருந்தது. 2022 இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்ற பிறகு, சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளோடு 2023 ஜூலையில் அஸ்வெசும. 22 குறிகாட்டிகள், நான்கு வகுப்புகள், 2,500 இலிருந்து 15,000 ரூபா வரை. கொடுப்பவர் மனிதரல்ல, கணினி என்றார்கள். பட்டியல் வந்ததும் மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. பிரதேச செயலகங்களின் முன்னால் பெண்கள் நின்றார்கள்.

இனி அந்த மறுபக்கப் பேச்சு. "நிவாரணத்தால்தான் நாடு வங்குரோத்தானது." வங்குரோத்துக்கு முந்திய வருடங்களில் சமுர்த்திக்குப் போன பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு வீதத்தைக்கூட எட்டவில்லை. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தபோது இழந்த வருமானம், திருப்பிக் கொடுக்க முடியாமல் வாங்கிய டொலர் கடன் ஆகியவற்றோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கைம்பெண்ணின் 5,000 ரூபா கண்ணில் குத்துகிறது. வரிச்சலுகை பெற்ற கம்பனி கண்ணில் படுவதில்லை. அதற்குப் பெயர்ப்பட்டியல் ஒட்டப்படுவதில்லை அல்லவா?

நம்மையும் பார்ப்போம். நம்மில் பெரும்பாலோர் கட்டணமில்லாப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். 1980 முதல் பாடநூல் இலவசம். பல்கலைக்கழகமும் அப்படியே. நமது வாப்பாமார் வயல் செய்தபோது பசளை மானியம் வாங்கினார்கள், நெல்லுக்கு அரசாங்கம் உத்தரவாத விலை தந்தது. இவை எதையும் நாம் நிவாரணம் என்று சொல்வதில்லை, உரிமை என்கிறோம். சரிதான், உரிமைதான். ஆனால் நாம் வாங்கினால் உரிமை, அடுத்தவர் வாங்கினால் சோம்பேறித்தனம் என்று இரண்டு தராசு வைக்கக்கூடாது.

மொழியையும் கவனியுங்கள். மாதாந்தப் பொதுசன உதவிப் பணத்தை சிங்களத்தில் "பின் படி" என்பார்கள். பின் என்றால் புண்ணியம். நாம் அதையே "பிச்சைச் சம்பளம்" என்கிறோம். ஸகாத் பெறத் தகுதியானோர் எட்டுக் கூட்டத்தினர் என்று இஸ்லாம் பாடத்தில் படிப்பிக்கிறோம். அது கொடுப்பவரின் தயவு அல்ல, வாங்குபவரின் ஹக் என்றும் சொல்லிக் கொடுக்கிறோம். அதே வாயால் பக்கத்து வீட்டு உம்மாவின் உதவிப்பணத்தைப் பிச்சை என்கிறோம். வகுப்பில் இருக்கும் அவருடைய பேரப்பிள்ளையின் காதில் அது விழுகிறது.

தகுதியில்லாதவர் பட்டியலில் இருந்தால் ஆட்சேபனை தெரிவிப்பதற்கு வழியிருக்கிறது, தாராளமாகச் செய்யுங்கள். அது பொதுப் பணம். ஆனால் அடுத்தவர் வீட்டைப் படம் பிடித்து முகநூலில் போடுவதால் விடுபட்ட ஒரு கைம்பெண்ணுக்குக்கூட ஒரு சதமும் கிடைக்காது. அடுத்த பட்டியல் வரும்போது நமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலை அபிவிருத்திக் குழுக்களும் ஒரு மேசையைப் போட்டு, படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு இரண்டு நாள் நிரப்பிக் கொடுக்கட்டும். மேன்முறையீட்டுத் திகதி முடியும் முன் யார் விடுபட்டார் என்று வீடு வீடாகக் கேட்கட்டும். காலைக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பது வகுப்பாசிரியர்களான நமக்குத் தெரியும். அந்த வீட்டிலிருந்தே தொடங்கலாம்.