பழைய சத்ரியா ஜிடிஐ: சஸ்பென்ஷன் புஷ்களை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

சாலை மேட்டில் ஏறி இறங்கும்போது முன்சக்கரத்துப் பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம். பிரேக் பிடித்தால் ஸ்டீரிங் ஒரு பக்கம் இழுக்கிறது. புதிதாகப் போட்ட டயரும் உட்பக்கம் தேய்கிறது. பழைய கார் வைத்திருப்போர் இதற்கெல்லாம் முதலில் அப்சோர்பரைத்தான் குறை சொல்வார்கள். பல நேரங்களில் உண்மையான காரணம், லோவர் ஆர்ம் எனப்படும் கீழ்க் கரத்தில் உள்ள ரப்பர் புஷ் கிழிந்திருப்பதுதான்.

1990களின் இறுதியில் வந்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ, 1.8 லிட்டர் இன்ஜின் கொண்ட சிறிய விளையாட்டு ரகக் கார். புரோட்டோன் 1996-இல் வாங்கிய பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம்தான் இதன் சஸ்பென்ஷனைச் சீர்செய்து கொடுத்தது. வளைவில் சாலையைப் பிடித்துக்கொண்டு ஓடுவதே இந்தக் காரின் பெருமை. புஷ் போய்விட்டால் அந்தப் பெருமையும் போய்விடும்.

புஷ் என்ன செய்கிறது?

கீழ்க் கரத்தின் ஒரு முனை பால் ஜாயிண்ட் வழியாகச் சக்கரத்தோடும், மறு முனை இரண்டு புஷ்கள் வழியாகக் காரின் அடிப்பகுதியோடும் இணைகிறது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு வளைந்து கொடுக்கும், அதிர்வையும் வாங்கிக்கொள்ளும். வயது, வெயில், இன்ஜினில் இருந்து கசியும் எண்ணெய், தோட்டத்துச் செம்மண் பாதையின் குழிகள் ஆகிய எல்லாம் சேர்ந்து ரப்பரை வெடிக்க வைக்கின்றன. நீண்ட இரும்புக் கம்பியால் கரத்தை நெம்பிப் பார்த்தால் வெடிப்பும் ஆட்டமும் தெரிந்துவிடும்.

உயிருக்கு முதலிடம்

காரை ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் நுழையவே கூடாது. சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்துள்ள இடங்களில் இரண்டு ஜாக் ஸ்டாண்டுகளைக் கொடுத்து, காரைக் கையால் தள்ளி ஆட்டிப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். செங்கலும் சிமெண்டுக் கல்லும் திடீரென நொறுங்கும். அவற்றை நம்பக் கூடாது.

வேலை முறை

காரைத் தூக்கும் முன், சக்கரத்தின் நடுப்பகுதியில் இருந்து ஃபெண்டர் விளிம்பு வரை உள்ள உயரத்தை இரு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். இந்த அளவு கடைசியில் கட்டாயம் தேவைப்படும்.

முதல் நாளே துரு நீக்கும் எண்ணெயை போல்ட்டுகளில் அடித்து ஊறவிடுவது நல்லது. மறுநாள் சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெபிலைசர் இணைப்பையும் பால் ஜாயிண்டையும் விடுவித்து, கரத்தின் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

பழைய புஷ் எந்தத் திசையில் பொருந்தியிருந்தது என்பதைப் படம் எடுத்து வைக்க வேண்டும். ரப்பரில் இடைவெளி உள்ள புஷ் திசை மாறினால் காரின் ஓட்டமே மாறிவிடும். பழைய ரப்பரை நெருப்பு வைத்து எரித்து எடுப்பது சிலர் வழக்கம். அதன் புகை நச்சு. அதைத் தவிர்க்க வேண்டும். கரத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோய் பிரஸ் இயந்திரத்தில் அழுத்தி மாற்றுவது எளிது. பால் ஜாயிண்டும் ஆடினால், புஷ்ஷோடு வரும் முழுக் கரத்தையே வாங்கிவிடலாம்.

பாலியூரித்தேன் புஷ் உறுதியானது. ஸ்டீரிங் துல்லியமாக இருக்கும். ஆனால் அதிர்வு கூடும், கிரீஸ் குறைந்தால் கிரீச்சிடும். தினசரி ஓட்டத்துக்கு ரப்பரே போதும்.

பலர் தவறும் இடம்

சக்கரம் தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டுகளை முழுதாக முடுக்கிவிடுவதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தவறு. அப்படி முடுக்கினால் அந்த நிலையிலேயே ரப்பர் பிடித்துக்கொள்ளும். காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையில் நின்று, புதிய புஷ்ஷே சீக்கிரம் கிழிந்துவிடும். பொருள் மட்டம் என்று கடைக்காரரை நொந்துகொள்வதில் பயனில்லை.

எனவே போல்ட்டுகளை முதலில் லேசாக மட்டும் முடுக்க வேண்டும். பிறகு ஸ்டாண்டுகளை எடுக்காமல், பால் ஜாயிண்ட் பக்கம் ஜாக்கை வைத்து, முன்பு எழுதி வைத்த உயரம் வரும் வரை மெதுவாகத் தூக்க வேண்டும். கார் ஸ்டாண்டை விட்டு எழும்பத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அந்த நிலையில், அடியில் படுக்காமல் பக்கவாட்டில் இருந்தபடி, சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். பால் ஜாயிண்ட் நட்டுக்குப் பழைய பின் வேண்டாம். புதியது போட வேண்டும்.

இரு பக்கமும் ஒரே நாளில் மாற்றுவது நல்லது. தாமானுக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்து, நட்டுகளை மறுபடியும் சரிபார்த்து, அலைன்மெண்ட் செய்துவிட வேண்டும். இல்லையேல் மிச்சம் பிடித்த கூலியை டயர் தின்றுவிடும்.