தாயில்லாப் பிள்ளையும் கூலித் தந்தையும்: மலைப்பகுதிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி



பழனி மலையில் வேலை காலையிலேயே தொடங்கிவிடும். தாண்டிக்குடி, பெரும்பாறை பக்கம் காப்பித் தோட்டத்துக்கும், பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டு, கேரட் காட்டுக்கும் கூலிக்குப் போகிறவர் விடியும்போதே கிளம்ப வேண்டும். கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டுபவருக்கும் கடையில் நிற்பவருக்கும் ஏப்ரல், மே சீசனில் கிடைப்பதுதான் பெரிய வருமானம். இப்படிப்பட்ட ஒருவரின் மனைவி மௌத்தாகிவிட்டால், அல்லது பிரிந்து போய்விட்டால், மூன்று வயதுப் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு அவர் வேலைக்குப் போவது?

பாட்டி இருக்கும் வீட்டில் சமாளித்துவிடுவார்கள். பாட்டியும் இல்லாத வீட்டில், பள்ளிக்கூடம் போகும் மூத்த பெண்பிள்ளையின் படிப்பு நின்றுபோகிறது. அவளே தம்பிக்குத் தாயாகிவிடுகிறாள். இதைத் தடுக்க என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று பார்ப்போம்.

இரண்டு பட்டியலிலும் இல்லாத பிள்ளை

நம் நாட்டுச் சட்டங்கள் பிள்ளைக் காப்பகத்தைத் தாயை வைத்தே கணக்கிட்டு வந்திருக்கின்றன. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண் தொழிலாளர்கள் இருந்தால், அல்லது பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் 20 பேர் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் என்றது. தந்தை மட்டுமே உள்ள பிள்ளை இந்தக் கணக்கில் வரவில்லை. மனைவி இல்லாத ஆண் அரசு ஊழியருக்கு மத்திய அரசு 2018இல் குழந்தை பராமரிப்பு விடுப்பைத் திறந்துவிட்டது. ஆனால் தினக்கூலிக்காரருக்கு விடுப்பு ஏது?

நம் ஜமாஅத்துகளிலும் இதே குறை உண்டு. மார்க்கச் சட்டத்தில் 'யதீம்' என்றால் பருவமடையும் முன் தந்தையை இழந்த பிள்ளை. தாயை இழந்த பிள்ளை யதீம் அல்ல. எனவே யதீம் உதவி, விதவை உதவி என்று நாம் எழுதும் பட்டியல்களில் அந்தப் பிள்ளையின் பெயர் விடுபட்டுப் போகிறது. 'அத்தாதான் இருக்கிறாரே' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

முதலில் போக வேண்டிய இடம்: அங்கன்வாடி

1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகள் நடக்கின்றன. தாய் வேலைக்குப் போகிறாரா, தந்தை என்ன வேலை என்று இங்கே கேள்வி இல்லை. கட்டணமும் இல்லை. கைக்குழந்தைக்குச் சத்துமாவு, சற்று வளர்ந்த பிள்ளைக்கு மதிய உணவு, முட்டை, முன்பருவக் கல்வி எல்லாம் கிடைக்கும். உங்கள் மையம் எத்தனை மணி வரை இயங்குகிறது, பிள்ளையை யார் வந்து அழைத்துப் போகலாம் என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். மாலையில் மீதமுள்ள இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மட்டும் அக்கம்பக்கத்தில் ஒருவரைப் பார்த்தால் போதும். நாள் முழுவதற்கும் ஆள் வைப்பதைவிட இதற்குச் செலவு மிகக் குறைவு.

6 மாதம் முதல் 6 வயது வரையான பிள்ளைகளுக்கு மத்திய அரசின் 'பால்னா' திட்டத்தில் காப்பகங்களும், காப்பகத்துடன் சேர்ந்த அங்கன்வாடிகளும் உண்டு. இதன் முன்னோடியான தேசியக் காப்பகத் திட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு மாதம் 20 ரூபாய்தான் கட்டணம். உங்கள் பகுதியில் இது இருக்கிறதா என்று வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கேளுங்கள்.

பண உதவி

'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக்கூடாது. பெற்றோர் கடும் நோயாளியாக இருந்தாலோ, விபத்தில் முடங்கியிருந்தாலோ விண்ணப்பிக்கலாம். தமிழக அரசு 2025இல் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரும் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் இது உரியது. இரண்டுக்கும் திண்டுக்கல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள். ஆதார், குடும்ப அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்று, மனைவியின் இறப்புச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றைச் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். ஒரு தாளுக்காக மறுபடி மலை இறங்கினால் ஒரு நாள் கூலி போய்விடும். அவசர உதவிக்கு 1098. இலவச எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை. 'பிள்ளையை நாங்கள் வளர்க்கிறோம்' என்று யார் வந்து கேட்டாலும் உடனே அனுப்பிவிடாதீர்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

மஹல்லா செய்யக்கூடியது

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் பாலூட்டலைப் பற்றிப் பேசும்போது, செவிலித்தாய்க்கு நியாயமான கூலி கொடுப்பதையும், பிள்ளையின் காரணமாகத் தாய்க்கோ தந்தைக்கோ துன்பம் வரக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஆக, பிள்ளையைப் பார்க்கக் கூலிக்கு ஆள் வைப்பது குறையல்ல. அந்தக் கூலி தந்தையின் கடமைச் செலவு. அவரால் முடியாதபோது நெருங்கிய உறவினர்களுக்கும் அதில் பொறுப்பு வருகிறது என்று ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன.

அந்தத் தந்தை ஏழை என்றால் அவர் ஜகாத் பெறத் தகுதியானவர். ஜகாத் பணத்தை அவர் கையில் கொடுங்கள். பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்கு அவர் கூலி கொடுத்துக்கொள்வார். காப்பக அறை, பாய், பொம்மை, பால் போன்றவற்றுக்கு ஜகாத்தை எடுக்காமல் ஸதக்காவைப் பயன்படுத்துங்கள். ஜகாத்தை உரியவருக்கு உடைமையாக்க வேண்டும் என்பதே இதற்குக் காரணம்.

இடத்துக்கும் அலைய வேண்டியதில்லை. மக்தப் மதரஸா காலையிலும் மாலையிலும்தான் நடக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் அந்த அறை பூட்டியே கிடக்கிறது. நம்பிக்கையான இரண்டு பெண்களைக் கூலிக்கு அமர்த்தி, வருகைப் பதிவேடு வைத்து, யார் அழைத்துச் செல்லலாம் என்று எழுதி வைத்தால் ஐந்தாறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியும். இரண்டு பேர் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழ வைத்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் ஆணைப் பார்த்து நம் வீதியில் யாரும் சிரிக்க வேண்டியதில்லை.

இந்த ஜும்ஆவுக்குப் பின் உங்கள் ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒன்று கேளுங்கள்: நம் மஹல்லாவில் தாயில்லாமல் தந்தை மட்டும் வளர்க்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? அந்தப் பெயர்களை எழுதி முடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.