விடுமுறைக்கு வீடு போகாத பிள்ளைகள்

வருஷக் கடைசிப் பரீட்சை முடிந்த அன்று விடுதிப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். பெட்டி முந்தின ராத்திரியே தயாராகிவிடும். மனசு அதற்கும் முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். பரீட்சை முடிந்தும் ஊருக்குப் போகாத பிள்ளைகளைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். அவர்களுக்கும் வீடு இருந்தது. தாய் தகப்பன் இருந்தார்கள். நடுவே ஒரு தேசமே குறுக்கே கிடந்தது.

கொடைக்கானலில் 1901-இல் அமெரிக்கப் பாதிரிமார் தங்கள் குழந்தைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியதை நம்மில் பலர் அறிவோம். அதற்கு இருபது வருஷம் மூத்தது சீனத்துச் சீஃபூ பள்ளி. ஷாண்டுங் மாகாணத்தின் வடகரையில், இன்று யன்தாய் என்று வழங்கும் துறைமுகத்தில், ஹட்சன் டெய்லரின் சீன உள்நாட்டு மிஷன் 1881-இல் அதை ஏற்படுத்தியது. குழந்தைகளைக் கடல் கடந்து இங்கிலாந்துக்கு அனுப்புவதைவிட இது மேல் என்பது எண்ணம். ஆனால் சீனமும் ஒரு கடல்தானே! மேற்கு மாகாணங்களில் ஊழியம் செய்த பெற்றோரிடம் போய்ச் சேர, படகிலும் கோவேறு கழுதையிலுமாக வாரக் கணக்கில் பிரயாணம் செய்ய வேண்டும். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் விடுமுறைக்குப் போவார்கள். தூரத்துப் பிள்ளைகள் பள்ளியிலேயே தங்கிக் கடலில் நீந்துவார்கள், அம்மாவுக்குக் கடிதம் எழுதுவார்கள். பிற்காலத்தில் நாடகாசிரியராகப் பேர் வாங்கிய தார்ண்டன் வைல்டரும் கொஞ்ச காலம் அங்கே படித்தவர்தாம்.

இதைத் தியாகம் என்று சொல்லிவிடுவது சுலபம். யாருடைய தியாகம் என்று கேட்டால்தான் சங்கடம். பெற்றோர் தாமாகவே முடிவு செய்து புறப்பட்டவர்கள். ஏழு வயதுக் குழந்தையை யார் கேட்டார்கள்?

1941 டிசம்பரில் ஜப்பான் யுத்தத்தில் இறங்கியதும், ஜப்பானியர் பள்ளிக்கூடத்தைக் கைப்பற்றினார்கள். 1942 நவம்பரில் பிள்ளைகளையும் உபாத்தியாயர்களையும் அதே ஊரில் வேறோர் இடத்தில் அடைத்தார்கள். 1943 செப்டம்பரில் வெய்ஷியன் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஏறக்குறைய 1,500 பேர் அடைபட்டிருந்த இடம் அது. எலும்பு தேயாதிருக்க முட்டை ஓட்டைப் பொடி செய்து குழந்தைகளுக்குக் கரண்டியால் ஊட்டினார்கள். சோப்புப் பெட்டியில் கஞ்சி குடித்தாலும், அரண்மனையில் சாப்பிடும் இளவரசிகளைப் போல நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பது ஆசிரியைகளின் கட்டளை. எனக்கு இது முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், அந்தப் பெண்மணிகள் காப்பாற்றியது நாகரிகத்தை மட்டுமல்ல, பிள்ளைகளின் புத்தி பேதலிக்காமல் இருப்பதையும்தான்.

அந்த முகாமில் அவர்களுக்கு முன்பே வந்து அடைபட்டிருந்தவர் எரிக் லிடெல். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன் என்று 100 மீட்டரை விட்டுவிட்டு, 400 மீட்டரை 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வென்றவர். அவர் கதையில் ஓட்டத்தைவிட என்னை நிறுத்தியது வேறொன்று. 1902-இல் சீனத்து டியன்ட்ஸினில் ஒரு மிஷனரியின் மகனாகப் பிறந்தவர் அவர். ஆறு வயதில், அண்ணனோடு, லண்டனை அடுத்த பாதிரிப் பிள்ளைகள் பள்ளியில் விடப்பட்டார். பெற்றோர் சீனத்துக்குத் திரும்பிவிட்டார்கள். விடுமுறைக்கு வீடு போகாத பிள்ளையாக வளர்ந்தவரே, 1941-இல் கர்ப்பிணி மனைவியையும் இரண்டு பெண்களையும் கனடாவுக்குக் கப்பலேற்றிவிட்டுத் தாம் மட்டும் சீனத்தில் தங்கினார். அங்கே பிறந்த மூன்றாவது பெண்ணை அவர் பார்க்கவே இல்லை.

முகாமில் ஆய்வுக்கூடம் ஏது? கருவிகளைக் கையால் படம் வரைந்து ரசாயனம் கற்றுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் விளையாட்டில் அடித்துக்கொண்டபோது, பாரிஸில் விட்டுக்கொடுக்காத விரதத்தை விட்டு, தாமே மைதானத்தில் இறங்கி நடுவராக நின்றார். பதக்கத்துக்காக ஓடாதவர், பெற்றோர் பக்கத்தில் இல்லாத பிள்ளைகளுக்காக ஊதுகுழலைக் கையில் எடுத்தார். 1945 பிப்ரவரி 21-ஆம் தேதி மூளையில் வளர்ந்த கட்டியால் இறந்துபோனார். கனடாவில் இருந்த மனைவிக்கு அந்தச் செய்தி எட்டியபோது மே மாதமாகிவிட்டது.

பள்ளி வருஷம் மட்டும் நிற்கவில்லை. முள்கம்பிக்குள்ளேயே தலைமையாசிரியர் ஆக்ஸ்போர்டு பரீட்சையை நடத்தினார். பட்டினிப் பிள்ளைகள் மேஜையில் உட்கார்ந்து விடை எழுதினார்கள். யுத்தம் முடிந்தபின் ஆக்ஸ்போர்டு அந்த விடைத்தாள்களை ஏற்றுக்கொண்டது. பரீட்சை என்றாலே வயிறு கலங்கும் ஜாதி நான். இதைப் படித்தபோது ஒரு பரீட்சையை மதிக்கத் தோன்றியது எனக்கு அதுதான் முதல் தடவை.

1945 ஆகஸ்ட் 17-ஆம் தேதி ஆறு அமெரிக்கரும் ஒரு சீன மொழிபெயர்ப்பாளருமாக ஏழு பேர் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தார்கள். முகாமின் கதவு திறந்தது. ஹட்சன் டெய்லரின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் நால்வர், அக்காள் தங்கை இருவரும் அண்ணன் தம்பி இருவருமாக, அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். செப்டம்பரில் அவர்கள் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியாகப் பார்த்து ஐந்தரை வருஷமாகியிருந்தது.