நீதிபதிக்கு வயது வரம்பு வேண்டுமா?



1616-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், தமக்குப் பணியாத தலைமை நீதிபதி எட்வர்ட் கோக்கைப் பதவியிலிருந்து நீக்கினார். இந்த நிலை மாறத்தான், நன்னடத்தை உள்ளவரை நீதிபதி பதவியில் நீடிக்கலாம் என்று 1701-இல் சட்டம் வந்தது. அமெரிக்காவும் அதையே ஏற்றது. அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதி டக்ளஸ், 1974 இறுதியில் பக்கவாதம் தாக்கியும் பத்து மாதம் பதவியை விடவில்லை.

நம் அரசியலமைப்பு நடுவழி கண்டது. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 60 வயது வரை பதவி. 1963-இல் அது 62 ஆனது. அதற்குமுன் அவரை நீக்க, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்ப வேண்டும்.

58-இல் சாக்பீஸைக் கீழே வைத்தவன் நான். வயது வரம்பு சரியே என்பேன். ஆனால் ஓய்வுக்குப்பின் அரசு தரும் பதவிக்குக் காத்திருந்தால், அந்தப் பாதுகாப்பால் என்ன பயன்? அந்தக் கதவையும் அடைக்க வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?