சாம்பல் சத்தும் வைக்கோலும்: காவிரிப் படுகை நெல் வயல்களில் பொட்டாசியத்தின் வரலாறு

தழைச்சத்து எனப்படும் நைட்ரஜனும் மணிச்சத்து எனப்படும் பாஸ்பரசும் பயிரில் காட்டும் பயனால் பெயர் பெற்றிருக்க, பொட்டாசியம் மட்டும் தான் கிடைத்த இடத்தால் சாம்பல் சத்து என வழங்குகிறது. ஐரோப்பாவிலும் மரச் சாம்பலைக் கரைத்துப் பானையில் வற்றவைத்த உப்பே பொட்டாஷ் எனப்பட்டது. 1807-இல் ஹம்ப்ரி டேவி பிரித்தெடுத்த தனிமத்துக்கும் அப்பெயரே நிலைத்தது. பெயர் பொருத்தமானதே. நெற்பயிர் உறிஞ்சும் பொட்டாசியத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மணியில் சேராமல் தாளிலும் இலையிலும் தங்கிவிடுகிறது. ஆகவே படுகையில் இச்சத்தின் வரவு செலவை அறிய, வைக்கோல் சென்ற வழியைப் பின்தொடர வேண்டியிருக்கிறது.

பழைய முறையில் அந்த வழி குறுகியது. களத்தில் அடித்த வைக்கோல் போராகி, மாட்டுத் தீனியாகி, சாணமாகவும் அடுப்புச் சாம்பலாகவும் எருக்குழி வழியே வயலுக்குத் திரும்பியது. கால்நடை உண்ணும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி சிறுநீரில்தான் வெளியேறும். கோடையில் ஆட்டுக்கிடை போட்ட வயலில் அது நேரே மண்ணில் விழுந்தது. போதாததை, மேல்நாட்டுப் பாறைகள் சிதைந்து வெள்ளத்தோடு வந்த வண்டல் ஓரளவு ஈடுசெய்தது. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபின் அவ்வண்டலில் கணிசமான பங்கு நீர்த்தேக்கத்திலேயே படிந்தது.

இந்திய மண்ணில் பொட்டாஷுக்குக் குறைவில்லை என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. பழைய டெல்டாவின் களத்தூர், ஆதனூர் வகைக் களிமண்ணைப் பார்த்தவர்க்கு அது இயல்பான முடிவே. களித்துகளின் ஏடுகளுக்கிடையே சிக்கியுள்ள பொட்டாசியம் மெல்ல மெல்ல விடுபடுவதால், உரமிடாத பாத்தியும் ஓரிரு பருவம் குறையின்றி விளையக்கூடும். ஆனால் அத்தகைய சோதனை இருப்பைக் காட்டுமேயன்றி வடிதலைக் காட்டாது. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட்டில் 1843 முதல் கோதுமை விளையும் வயலில், மற்ற சத்துகள் பெற்றும் பொட்டாஷ் பெறாத பாத்திகள் பின்தங்கியதைப் பல பத்தாண்டு விளைச்சலே தெளிவாக்கியது. கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மணற்பாங்கான புதிய டெல்டாவுக்கோ அந்த இருப்பும் இல்லை.

1960-இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் தஞ்சாவூர் இடம்பெற்றது. அப்பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 27 நெல் ரகம் குறுவையில் பரவியது. நோரின் 10 என்னும் ஜப்பானிய நெல்லையும் ஜிஇபி 24-ஐயும் கலந்து பிறந்தது அது. (குட்டைக் கோதுமைகளுக்கு மூலமான நோரின் 10 வேறு, பெயர் மட்டுமே ஒன்று.) விளைச்சல் ஏற ஏற மண்ணிலிருந்து எடுப்பும் ஏறியது, யூரியா மூட்டை அதற்கு ஈடாகாது.

மண்ணின் இருப்பையும் பயிரின் தேவையையும் சேர்த்துக் கணக்கிட்டு, இலக்கு விளைச்சலுக்கேற்ப உர அளவை வகுக்கும் முறையை பி. ராமமூர்த்தியும் உடன் ஆய்வாளரும் 1967-இல் சொனோரா 64 கோதுமையைக் கொண்டு விளக்கினர். பின்னர் அது தமிழக நெல்லுக்கும் வந்தது. விலை வேறு கணக்குப் போட்டது. பொட்டாஷ் முழுவதையும் இறக்குமதி செய்யும் நாட்டில், 1992 ஆகஸ்டில் யூரியாவை மட்டும் விலைக் கட்டுப்பாட்டில் நிறுத்தி மற்றவற்றை விடுவித்ததும், நாட்டின் பொட்டாஷ் நுகர்வு ஒரே ஆண்டில் 13.6 லட்சம் டன்னிலிருந்து 8.8 லட்சம் டன்னாகச் சரிந்தது. தழைச்சத்தின் பச்சை சில நாளில் கண்ணுக்குத் தெரியும். பொட்டாஷின் பயன் அறுவடையில்தான் தெரியும். எனவே கைச்செலவு சுருங்கும்போது எது முதலில் விடுபடும் என்பதில் வியப்பில்லை.

குறைபாடு முதிர்ந்த இலையில் தொடங்குகிறது: நுனியும் விளிம்பும் மஞ்சளித்துப் பழுப்பேறிக் கருக, நடுநரம்பு சில நாள் பச்சையாகவே நிற்கும். இலைத்துளை திறந்து மூடுவதும், இலையில் உருவான மாவுப்பொருள் மணிக்குச் செல்வதும் பொட்டாசியத்தைச் சார்ந்தவை என்பதால், பதர் மிகுந்து, தண்டு வலுவிழந்து பயிர் சாய்கிறது. அடியுரமாக மொத்தமும் இட்டுவந்த பழக்கத்துக்கு மாறாக, தழைச்சத்தோடு சேர்த்துக் கதிர் வெளிவரும் தருணம் வரை நான்கு தவணையாக மேலுரமிடும் பரிந்துரை, மணி பிடிக்கும் இக்கட்டத்தைக் கருதியதே.

இன்று அறுவடை இயந்திரம் கழித்த வைக்கோலைக் கட்டும் இயந்திரம் உருட்ட, லாரி வெளியூருக்கு ஏற்றிச் செல்கிறது. ஹெக்டேருக்கு 50 கிலோ பொட்டாஷ் என்பது பரிந்துரை, வைக்கோலில் 1.4 விழுக்காடு பொட்டாசியம் எனக் கொண்டால், வயலை விட்டுப் போகும் ஒவ்வொரு டன்னோடும் ஆக்சைடு கணக்கில் ஏறத்தாழ 17 கிலோ போகிறது. 50 கிலோ மூட்டையில் 30 கிலோ சத்துள்ள சிவப்புப் பொட்டாஷ் உரத்தில், அது பாதி மூட்டைக்குச் சற்று மேல்.