சூப்பிப் போத்தலும் செருப்பு வோசரும்: யாழ்ப்பாணத் தோட்டங்களின் ஒரு சிறு வரலாறு

கடந்த தவணையில் ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். வீட்டில் இருக்கும் வயதானவர்களிடம் கேட்டு, கடையில் சாமான் கிடைக்காத காலத்தில் தாங்களே செய்து அல்லது திருத்திப் பாவித்த ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். அதன் கதையை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

ஜாம் போத்தல் விளக்கு நான்கைந்து வந்தது. சைக்கிள் டைனமோ இரண்டு. ஒரு பிள்ளை மட்டும் மூக்கு நீண்ட சிறிய பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"என்ன தம்பி இது?"

"சூப்பி, ரீச்சர். அப்பப்பா மிசினுக்குப் பெற்றோல் அடிச்சது."

வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அது சரியாக விளங்கவில்லை. அந்த வார இறுதியில் வலிகாமத்தில் இருக்கும் அவர்களது தோட்டத்துக்கே போய் அப்பப்பாவிடம் கேட்டேன். நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒரு வரலாற்றை அவர் சொன்னார். அதை எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது. அதுவும் மாரியில் மட்டும்தான். பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. ஆகவே இங்கே தோட்டம் என்றால் கிணறு. தண்ணீரை மேலே கொண்டுவர ஒரு வழி இல்லையென்றால் வெங்காயமும் இல்லை, புகையிலையும் இல்லை.

பழைய வழி துலா. ஆடுகாலில் பொருத்திய நீண்ட மரத்தில் ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னும் நடப்பார்கள். கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை தண்ணீருக்குள் இறங்கும், பின்பக்கம் நடந்தால் மேலே வரும். கிணற்றடியில் நிற்பவர் அதைப் பிடித்து வாய்க்காலுக்குள் கவிழ்ப்பார். பட்டை பனையோலையால் இழைத்தது. மனித உடம்பின் பாரமே இயந்திரம்.

1950களுக்குப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் நீர் இறைக்கும் மிசின்கள் மெல்ல மெல்ல வந்தன. 1970இல் பதவிக்கு வந்த அரசாங்கம் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு நல்ல காலம் பிறந்தது. மிளகாய்க் காசில் கட்டிய வீடு என்று இன்றும் சில வீடுகளைக் காட்டுவார்கள். மிசின் வாங்கியவர்கள் துலாவைக் கழற்றினார்கள். மூன்று பேர் செய்த வேலையை ஒருவர் செய்தார். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்தது. ஆனால் மிசினை விட்டுத் துலாவுக்குத் திரும்ப யாரும் நினைக்கவில்லை. அதற்குள் தோட்டத்தின் உயிர் எண்ணெயிலும் உதிரிப்பாகத்திலும் தங்கிவிட்டது.

1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியது. குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், டீசல், பற்றறி, இரசாயன உரம், சீமெந்து எல்லாம் தடைப்பட்டன. மண்ணெண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக, பெரிய விலைக்கு வந்தது. பெற்றோல் கண்ணுக்குத் தெரியாத பொருளானது.

இங்கேதான் சூப்பி வருகிறது. அந்த மிசின்கள் ஓடுவது மண்ணெண்ணெயில் என்றாலும் தொடங்குவது பெற்றோலில். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, ஆகவே பிளக்கின் பொறி அதைப் பற்றவைக்காது. பெற்றோலில் ஓடி மிசின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் சூட்டில் அது ஆவியாகி எரியும். நிறுத்தும்போதும் கடைசியில் கொஞ்சம் பெற்றோலில் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். அப்போதுதான் அடுத்த நாள் இலகுவாகத் தொடங்கும். தடைக்காலத்தில் இதற்கெல்லாம் பெற்றோலுக்கு எங்கே போவது? ஆகவே மருந்துப் போத்தல் மாதிரியான ஒரு மூக்குப் போத்தலில் சில தேக்கரண்டி பெற்றோலை வைத்துக்கொண்டு, காற்று இழுக்கும் வழியால் சில துளி பீச்சிவிட்டுக் கயிற்றை இழுத்தார்கள். மோட்டார் சைக்கிள்களும் அப்படித்தான் ஓடின. வெள்ளைப் புகை, மண்ணெண்ணெய் மணம், பின்னால் வருபவருக்குக் கண் எரிவு. அந்தக் காலத்தில் இங்கே வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

"ஒரு சூப்பி பெற்றோல் எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேட்டேன்.

"மிசின்ர குணத்தைப் பொறுத்தது ரீச்சர். நல்ல மிசின் எண்டால் ஒரு கிழமை. கெட்டது எண்டால் ஒரு விடியக்காலமே குடிச்சுப்போடும்."

இதற்கு ஒரு விலையும் இருந்தது. சரியாக எரியாத மண்ணெண்ணெய் பிளக்கில் கரியாகப் படிந்தது. அதை அடிக்கடி கழற்றி அரத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். எரியாமல் மிஞ்சியது கீழே இறங்கி என்ஜின் ஒயிலோடு கலந்து ஒயிலைத் தண்ணீராக்கியது. பல மிசின்கள் அப்படித் தேய்ந்தே செத்தன.

அவரது கொட்டிலுக்குள் இன்னும் சில சாமான்கள் கிடந்தன. குழாய் வெடித்த இடத்தில் சைக்கிள் ரியூப்பை நாடா மாதிரி வெட்டி இறுக்கிச் சுற்றிய கட்டு. ஆணியும் தகரத் துண்டும் வைத்து அடியைப் பொருத்திய வாளி. ஒரு தகர டப்பாவுக்குள் வட்ட வட்டமாக வெட்டிய இறப்பர் துண்டுகள். பழைய செருப்பை வெட்டிச் செய்த வோசர்கள். அவற்றைக் கையில் எடுத்ததும் எனக்கு வேறு ஒரு இடம் ஞாபகம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உரத்துக்கு அவர்கள் பழைய முறைக்குப் போனார்கள். பூவரசு, கிளிசரியா குழைகளை வெட்டித் தாழ்த்தினார்கள். மாட்டுப் பட்டி அடைத்தார்கள். மிசின் முற்றாகக் கைவிட்ட இடங்களில் துலா திரும்பி வந்தது. "நாங்கள் இளந்தாரியளுக்கு மிதிச்சுப் பழக்கமில்லை. அப்புதான் சொல்லித் தந்தவர். அவர் இல்லாட்டி ஆடுகால் நடவும் தெரியாது" என்றார். அறிவு ஒரு தலைமுறையில் அறுந்து போகவிருந்தது. அப்பு உயிரோடு இருந்ததால் தப்பியது.

இந்தக் கதைகளை நாங்கள் பெருமையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். "எங்கட சனம் எதையும் சமாளிக்கும்." நானும் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். அவர் அதை ஒரே வார்த்தையில் மாற்றிவிட்டார். அந்த வருடங்களில் எவ்வளவு பயிர் செய்தீர்கள் என்று கேட்டேன். "பாதி. மற்றப் பாதி தரிசு" என்றார். சூப்பி தோட்டத்தின் பாதியைத்தான் காப்பாற்றியது. தரிசாகக் கிடந்த பாதியைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

பிறகு அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, நீங்கள் சோனகத்தெருவோ?"

ஓம் என்றேன்.

"உங்கட ஆக்களின்ர கடையிலதான் ஆணி, வோசர், சங்கிலி எல்லாம் வாங்கிறது. வாளிக்கு அடி போடுறதும் அங்கதான். பிறகு... பிறகு நீங்கள் இல்லைத்தானே."

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் உத்தரவுப்படி வட மாகாண முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தின் முறை 30ஆம் திகதி. இரண்டு மணி நேர அவகாசம். உம்மாவின் வாப்பாவுக்கு ஐந்து சந்திக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இரும்புச் சாமான் கடை இருந்தது. நான் அதைப் பார்த்ததில்லை. நான் பிறந்தது புத்தளத்தில், கிடுகுக் கொட்டிலில்.

செருப்பு வோசர் ஞாபகப்படுத்திய இடம் அதுதான். என் வாப்பா கற்பிட்டியில் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனவர். மருந்தடிக்கும் தாங்கியில் வோசர் போனால், தேய்ந்த செருப்பை எடுத்து, ஒரு சதக் குற்றியை வைத்துச் சுற்றிக் கோடு கீறி, பிளேட்டால் வெட்டிப் போடுவார். கடைக்குப் போகக் காசு இல்லாததால் அவர் வெட்டினார். கடையில் சாமான் இல்லாததால் இங்கே இவர் வெட்டினார். ஒரே வருடங்கள், ஒரே வெங்காயம், ஒரே செருப்பு. இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள்.

அதற்கு ஐந்து வருடங்களின் பின், அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, 1995இல், வலிகாமத்துச் சனமும் ஒரே இரவில் வீடு வாசலை விட்டு நடந்தது. அந்தப் பிள்ளையின் அப்பப்பாவும் நடந்தார். மிசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஒளித்துவிட்டுப் போனாராம். திரும்பி வந்து தூக்கித் துடைத்து, மீண்டும் ஓடவைத்திருக்கிறார். 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்த பிறகுதான் புது வோசர் வாங்கினாராம். அந்த வீதியால்தான் எங்கள் ஆட்களும் தங்கள் வீடுகளைப் பார்க்க வந்தார்கள்.

இதே காலத்தில் உலகத்தின் மறுபக்கத்தில் கியூபாவும் இப்படித்தான் இருந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் எண்ணெயும் உதிரிப்பாகமும் அங்கே நின்றுபோயின. சனங்கள் தாங்களே கண்டுபிடித்த திருத்த வேலைகளைத் திரட்டி 1992இல் அந்த நாட்டு இராணுவத்தின் பதிப்பகம் ஒரு புத்தகமாகவே போட்டது. எங்களிடம் இருப்பது கொட்டிலில் கிடக்கும் தகர டப்பாவும், எண்பதை நெருங்கும் ஒருவரின் ஞாபகமும்.

இது முடிந்த கதை என்றும் நினைக்க வேண்டாம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடைசெய்யப்பட்டபோது, குழை தாழ்த்தத் தெரிந்தவர்களைத் தேடினோம். 2022இல் எரிபொருள் வரிசையில் நாடே நின்றது. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் போனது. கொழும்புக்கு அது புதுச் செய்தி. இங்கே பெரியவர்கள் பரணில் இருந்து சூப்பியைத் தேடி எடுத்தார்கள். அந்தப் பிள்ளை வகுப்புக்குக் கொண்டுவந்ததும் அப்படி எடுத்ததுதான்.

வரலாறு படிப்பிக்கிறவள் என்ற முறையில் எனக்கு இப்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஒவ்வொரு திருத்த வேலையும் ஓர் ஆவணம். எந்தப் பொருள், எந்த வருடம், எதனால் வராமல் போனது என்று அது சொல்லும். யாரின் கடை பூட்டிக் கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும். கெட்டித்தனத்தை மட்டும் எழுதிவிட்டுக் காரணத்தை விட்டால் அது பாதி வரலாறு. தரிசாகக் கிடந்த பாதித் தோட்டம் மாதிரி.

அந்தப் பிள்ளைக்கு இருபதுக்குப் பதினெட்டுப் புள்ளி போட்டேன். இரண்டு புள்ளி எழுத்துப் பிழைக்கு. அப்பப்பா எனக்கு ஒரு செருப்பு வோசர் தந்தார். அதை வாப்பாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓரம் நேராக வெட்டியிருக்கிறார், நல்ல கை" என்றார். அடுத்த விடுமுறையில் அந்தத் தோட்டத்துக்கு அவரையும் கூட்டிப்போக இருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். யார் செய்தது, எந்த வருடம், ஏன் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். முடிந்தால் எனக்கும் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ்.