மஞ்சா (சிராம்பியடி இசை மரபு)

மஞ்சா என்பது இலங்கையின் புத்தளம் நகருக்கு அருகே சிராம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் பாட்டும் ஆட்டமும் ஆகும். ஜிப்சீஸ் போன்ற இசைக்குழுக்கள் புகழ்பெறச் செய்த பைலா எனும் ஆட்டப்பாட்டின் ஆரம்பத் தடங்களுள் ஒன்று இது. ஆனால் பைலாவுக்கு ஆடாத கல்யாண வீடு அரிதான நாட்டில், மஞ்சாவைக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

ஊர்வழக்கில் காப்பிரியர் எனப்படும் இம்மக்களின் முன்னோரைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொண்டுவந்தனர். ஆங்கிலேயரின் இலங்கை ரைபிள் படையணி 1873இல் கலைக்கப்பட்டபின், அதிலிருந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் சிலர் புத்தளம் பகுதியில் குடியமர்ந்தனர். கத்தோலிக்கர்களான இவர்களின் வீட்டுமொழியாகப் போர்த்துக்கேயக் கிரியோல் இருந்தது.

மஞ்சாப் பாட்டுக்குச் சில அடிகளே போதும். மெதுவாகத் தொடங்கி, அதே அடிகளைத் திரும்பத் திரும்பப் பாடி வேகத்தை ஏற்றுவார்கள். றபான் மேளம் முழங்க, இரண்டு சிரட்டைகள் மோத, வெறும் போத்தலில் கரண்டி தட்டும். வீட்டுச் சாமான்களிலிருந்தே இவ்வளவு செறிவான தாளம் எழுவது கேட்பவரை உட்கார விடாது.

இம்மரபோடும் பறங்கியரின் கபிரிஞ்ஞா ஆட்டத்தோடும் உறவுடைய தாளத்தில், பொலிஸ்காரரான வொலி பஸ்தியன்ஸ் 1940களில் சிங்களச் சொற்களை ஏற்றிப் பைலாவுக்குப் புதுவடிவம் தந்தார். 1969இல் அன்டன் பெரேரா தொடங்கிய ஜிப்சீஸ், அவர் மகன் சுனில் பெரேராவின் குரலில் அதை மேடையெங்கும் கொண்டுசென்றது. தமிழில் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' அதைக் கடல் கடத்தியது.

காப்பிரியர் பாடல்களின் பழைய பதிவு இசைத்தட்டு அல்ல, கையெழுத்துப் படி. இலங்கையில் சிவில் அதிகாரியாக இருந்த ஹியூ நெவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திரட்டிய ஏடுகளில், காப்பிரியரின் போர்த்துக்கேயப் பாடல்களும் உள்ளன. அவை இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆய்வாளர்களான கே. டேவிட் ஜாக்சன் 1990இலும் ஷிஹான் டி சில்வா ஜயசூரிய 2001இலும் வெளியிட்ட நூல்களே அவற்றை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தன. பைலாவின் வரலாற்றை இசைத்தட்டுக் காலத்திலிருந்து தொடங்குவது, அதன் முதல் அத்தியாயத்தையே கிழித்தெறிவதாகும்.

இன்று சிராம்பியடி இளையோர் பேசுவது சிங்களம். பாட்டு நாவில் நிற்கிறது, பொருள் நழுவுகிறது. கிரியோல் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே ஒவ்வொரு பாடலையும் பொருளோடு ஒலிப்பதிவு செய்துவிட வேண்டும்.